துண்டு: பசறை மலைகளில் கடன் கணக்கே நடத்தைச் சான்றாக இருந்த காலம்

1921ஆம் ஆண்டு இலங்கையில் நிறைவேறிய ஒரு சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. துண்டு. சட்டம் எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகள் அதை மொழிபெயர்க்கவில்லை. தோட்டத்துத் துரைமார் வாயிலும், அவர்களுக்கு ஆள் திரட்டிக் கொடுத்த கங்காணிமார் வாயிலும் பல பத்தாண்டுகளாகப் புழங்கிய சொல் அது. துண்டை இனி யாரும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பதுதான் சட்டத்தின் சாரம்.

துண்டு என்பது பெயருக்கேற்ப ஒரு துண்டுக் காகிதம். ஒரு தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இன்ன கங்காணி, அவருடன் இத்தனை ஆட்கள், இவர்கள் தோட்டத்துக்குத் தர வேண்டிய கடன் இத்தனை ரூபாய், இன்ன தேதிக்குள் அந்தத் தொகையைக் கட்டுகிறவருக்கு இவர்களை விட்டுக் கொடுக்கச் சம்மதம். இவ்வளவுதான் அதில் இருக்கும். கொழுந்து எடுப்பவள் எத்தனை இறாத்தல் எடுப்பாள், கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் அவன் எப்படி, எத்தனை வருடம் மலையில் உழைத்தவர்கள் என்பதற்கெல்லாம் அந்தக் காகிதத்தில் இடமில்லை. ஒரு மனிதரைப் பற்றி அடுத்த முதலாளி தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய கடன் ஒன்றே என்று அது சொன்னது.

வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன் அவருடைய கடன் வரலாற்றையும் குற்றப் பதிவையும் பார்ப்பது நியாயமா என்ற கேள்வி இன்று பல நாடுகளில் நடக்கும் வழக்கு. கணினியும் கடன் மதிப்பெண்ணும் வந்த பிறகு பிறந்த கேள்விபோல அது பேசப்படுகிறது. பதுளையிலிருந்து கிழக்கே, நமுனுகுல மலையின் அடிவாரத்தில் இருக்கும் பசறைக்கும், அதற்கு அப்பால் மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அந்தக் கேள்வி மிகப் பழையது. அங்கே கடன் பார்க்காமல் யாரையும் பேர் பதியவில்லை. சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர் குற்றவாளி என்று சட்டமே சொன்னது.

பதுளையும் பசறையும் அடங்கிய ஊவாவுக்கு ஆட்கள் வந்து சேர்ந்த வழியிலிருந்தே கணக்குத் தொடங்கிவிடுகிறது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். ஊவாவுக்குப் போகிறவர்களுக்கு அங்கிருந்து இன்னும் மலையேற்றம் இருந்தது. மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதுவரை பசறைக்குப் போக வேண்டியவர்கள் ரயில் பாதை முடிந்த இடத்தில் இறங்கி மூட்டையைத் தலையில் ஏற்றி நடந்தவர்கள்தான்.

இந்தப் பயணத்துக்குப் பணம் வேண்டும். தோட்டத்துத் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் ஊருக்கோ பக்கத்து ஊர்களுக்கோ போய் ஆள் கட்டுவார். ஊரில் இருக்கிற பழைய கடனை அடைக்க, குடும்பத்தாருக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு வர, வழியில் சாப்பிட, படகுக்கூலி கொடுக்க என்று செலவானதெல்லாம் வருகிறவர்கள் பேரில் எழுதப்பட்டது. மலைக்கு வந்து சேர்ந்த அன்று கொடுத்த கம்பளியும், முதல் மாதத்து அரிசியும், சட்டி பானையும் அதே கணக்கில் ஏறின. ஒருவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் முதல் நாள் வந்து நிற்கும்போதே கடன்காரர். அந்தக் கடன் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. கணக்கு இருந்தது கங்காணியிடம், எழுத்தறிந்தவர் கணக்கப்பிள்ளை.

கூலி கொடுக்கும் முறையும் கடனை வளர்த்தது. 1889ஆம் ஆண்டின் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளியைக் காக்க வந்த சட்டமாகவே பேசப்பட்டது. ஒரு மாத உழைப்புக்கான கூலியை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்று அதே சட்டம் இடம் விட்டது. அதாவது தை மாதம் முழுதும் உழைத்தவர் பங்குனிக் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்த நாட்களில் அடுப்பெரிய அரிசியைத் தோட்டம் கடனாகக் கொடுத்தது. உண்மையில் அந்த இரண்டு மூன்று மாதமும் தோட்டம்தான் தொழிலாளிக்குக் கடன்பட்டிருந்தது. புத்தகத்திலோ தொழிலாளிதான் கடன்காரர். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் துண்டின் முழு வரலாறும் புரிந்துவிடும்: கடனை யார் எழுதுகிறாரோ அவரே கடன் கொடுத்தவராகிவிடுகிறார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் ஆணின் நாட்கூலி 33 சதத்தை ஒட்டியே நின்றது. பெண்ணுக்கு அதிலும் குறைவு. வருகைப் பதிவேடான செக்ரோலில் அரைநாள் வேலை என்று அரைப்பேர் போட்டால் அதிலும் பாதி. அந்தக் கூலியில் 50 ரூபாய்க் கடன் என்பது, ஒரு பருக்கை அரிசி வாங்காமல், ஒரு நாள் காய்ச்சலில் படுக்காமல், 150 நாள் உழைத்தால் தீரும் கடன். அப்படி உழைத்தவர் யார்?

துண்டு எப்படி நடமாடியது என்பதைக் கற்பனைக் கணக்கு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கங்காணியும் 40 ஆட்களும் இருக்கிறார்கள் என்று கொள்வோம். மொத்தக் கடன் 2,000 ரூபாய். கங்காணிக்கும் துரைக்கும் சரிப்படவில்லை. அல்லது கங்காணிக்கு ஊரில் ஒரு கல்யாணச் செலவு. அவர் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு நாலு தோட்டம் ஏறி இறங்குகிறார். ஆள் தட்டுப்பாடு உள்ள ஒரு துரை, "2,000 என்ன, 2,500 தருகிறேன், வா" என்கிறார். பழைய தோட்டத்துக்கு 2,000 போய்ச் சேருகிறது. மிச்சம் 500 கங்காணி கைக்கு வருகிறது. புதுத் தோட்டத்தின் புத்தகத்தில் 40 பேர் தலையில் 2,500 ஏறுகிறது. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் துண்டு, மறுபடியும் பேரம், இந்த முறை 3,000. இடையில் அந்த 40 பேரும் ஒரு நாள்கூட வேலையைத் தவறவிடாமல் இருந்திருக்கலாம். இடம் மாறும்போதெல்லாம் அவர்களுடைய கடன் கூடியது. கூடிய பணத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததுமில்லை.

கங்காணியைத் தனியொரு கொடியவராகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அவருக்கும் துரையிடம் கடன் இருந்தது, டவுன் கடைக்காரரிடம் கடன் இருந்தது, கொழும்பில் செட்டியார் தெருவரை நீளும் வட்டிக் கணக்குகளும் இருந்தன. அவர் ஆட்களில் ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குச் சில சதம் தலைக்காசு கிடைத்தது. ஆள் ஓடிப்போனால் காசும் போயிற்று, கடனும் அவர் தலையில் விழுந்தது. அதனால் தன் ஆட்களிடம் புரோநோட்டில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எழுத்தே தெரியாதவர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்த அந்தப் பத்திரம் பிற்பாடு நீதிமன்றத்தில் வந்து பேசியது. மேலே துரைக்குக் கங்காணி பயந்தார், கீழே கங்காணிக்குத் தொழிலாளி பயந்தார். ஏணியின் கடைசிப் படியில் நின்றவர் மட்டும் தனக்குக் கீழே யாரிடமும் எதையும் எழுதி வாங்க முடியாதவர்.

1905க்குப் பிறகு கீழ்நாட்டில் இறப்பர்த் தோட்டங்கள் மளமளவென்று எழுந்தன. அவற்றுக்கும் ஆட்கள் வேண்டும். ஆளுக்கான போட்டி முற்றியது, துண்டில் எழுதும் தொகையும் ஏறியது. தோட்டத் துரைமார் தங்களுக்குள் கூடி, இத்தனைக்கு மேல் முன்பணம் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்து பார்த்தார்கள். கொழுந்து முற்றிப் போகிற காலத்தில் யாரும் அதை மதிக்கவில்லை. துரைமார் சங்கம் 1904இல் திருச்சிராப்பள்ளியில் ஒரு தொழிலாளர் அலுவலகத்தை அமைத்து ஆள் திரட்டலை ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றது. அதற்குப் பிறகும் துண்டு ஒழியவில்லை.

இதுவரை சொன்னது கடன். இதன் மறுபாதி குற்றம்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறுவதைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது, காரணமில்லாமல் வேலைக்கு வராதிருப்பது, சொன்ன வேலையைச் செய்ய மறுப்பது எல்லாம் அதில் அடங்கும். தண்டனை மூன்று மாதம் வரை சிறை. துரை செய்த முறைப்பாட்டின் பேரில் வாரண்ட் பிறக்கும், பொலிஸ் தேடி வரும். கடையைச் சூறையாடியவனும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மடுல்சீமையிலிருந்து இரவோடிரவாக இறங்கிப் போனவனும் ஒரே சிறைக்குப் போக முடியும். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு முறைப்படி விலகலாமே என்று சட்டம் சொல்லும். கடன் நிற்கிறபோது விலக்குச் சீட்டுக் கிடைப்பது துரையின் மனம். சீட்டு இல்லாதவரை வேலைக்கு எடுக்கிற அடுத்த துரை வழக்குக்குப் பயப்பட வேண்டும். வாசலில் கடன், மதிலுக்கு வெளியே பொலிஸ்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கட் முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த சிறு தகர வில்லை ஒன்றை இந்தியாவிலிருந்து புறப்படுகிறவர் உடலில் அணிந்து வர வேண்டும். வழியில் ஆள் மாறிப் போகாமலும், செலவு உரிய தோட்டத்தின் கணக்கில் சேரவும் அது பயன்பட்டது. பயணச் செலவுக்கு வசதியான ஏற்பாடு என்று அதிகாரிகள் எழுதினார்கள். கழுத்தில் அதைக் கட்டிக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடும் சட்டங்கள் இருந்தன. 1875இல் அவை நீக்கப்பட்டன. அதன்பின் அங்கே வேலை ஒப்பந்த மீறல் வெறும் சிவில் வழக்கு. அதே அரசாங்கத்தின் கொடி பறந்த பதுளையில் அதற்குப் பிறகு இரண்டு தலைமுறைக்கு அது குற்றமாகவே இருந்தது. பிரான்சில் துண்டுக்கு மிக நெருங்கிய உறவு ஒன்று இருந்தது. 1803இல் நெப்போலியன் காலத்தில் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரு சிறு கைப்புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். முதலாளி கொடுத்த முன்பணம் அதில் எழுதப்படும். அடுத்த முதலாளி கூலியிலிருந்து பிடித்துப் பழையவருக்கு அனுப்ப வேண்டும். 1851இல் அப்படி எழுதக்கூடிய தொகைக்கு 30 பிராங்க் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1890இல் கைப்புத்தகமே ஒழிந்தது. அந்தப் புத்தகம் தொழிலாளியின் சொந்தப் பெயரில், அவர் ஒருவருடைய கணக்கைச் சொல்வது. துண்டோ 40 பேரின் கடனை ஒரே எண்ணாகக் கட்டி ஒரு கங்காணியின் மடியில் வைத்தது. தன் பங்கு எத்தனை என்று கேட்கக்கூட அதில் வழியில்லை.

இந்த மலைகளுக்கு வேறொரு கடன் வரலாறும் உண்டு. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோப்பிச் செடிகளில்தான் இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. பசறையிலிருந்து பார்த்தால் அடுத்த மலை. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரமே சரிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் விழுந்தது. கடன்பட்ட தோட்டங்கள் கைமாறின, சில கைவிடப்பட்டன. அந்தச் சரிவில் பல தோட்டங்களில் மாதக்கணக்காகக் கூலி கொடுபடவில்லை. தோட்டம் விற்கப்பட்டால் முதலில் வங்கிக்குப் போகுமா தொழிலாளிக்குப் போகுமா என்ற கேள்வி எழுந்தது. கூலிப் பாக்கிக்குத் தோட்டத்தின் மீது முன்னுரிமை கொடுக்கச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. அப்படி நொடித்துப்போன துரைமாரில் பலர் பிற்பாடு தேயிலையில் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய திறமையையும் அனுபவத்தையும் பார்த்தே எடுத்தார்கள். ஆட்களுக்குக் கூலி பாக்கி வைத்தவர் என்று ஒரு துண்டு எழுதி யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

துண்டை ஒழிக்கும் குரல்கள் மூன்று திசையிலிருந்து வந்தன. துரைமாருக்கே அது பாரமாகிவிட்டது. தோட்டத்தின் மூலதனத்தில் ஒரு பெரும் பங்கு ஆட்களின் கடனாக முடங்கிக் கிடந்தது. ஆள் செத்தாலோ ஓடினாலோ அது தொலைந்த பணம். இரண்டாவது குரல் இந்தியாவிலிருந்து. மெட்ராஸ் அரசாங்கம் அனுப்பிய மார்ஜரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து 1917இல் அறிக்கை கொடுத்தார்கள். இலங்கையில் ஆட்களைக் கட்டிப்போடும் முதற்காரணம் கடன் என்பதை அந்த அறிக்கை மறைக்காமல் எழுதியது. இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டால் தேயிலை என்னவாகும் என்ற பயம் கொழும்பில் பிறந்தது.

மூன்றாவது குரல் பொன்னம்பலம் அருணாசலத்தினுடையது. சிவில் சேவையில் உயர்ந்த பதவிகள் வகித்து ஓய்வு பெற்றவர். 1915இல் சமூக சேவைக் கழகத்தையும் 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும் தொடங்கி, தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்ட விதிகளை நீக்க வேண்டும் என்று குடியேற்ற நாட்டு அமைச்சு வரை எழுதினார். யாழ்ப்பாண வழிவந்த கொழும்புப் பெருங்குடும்பத்தவர் ஒருவர், வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த மலைநாட்டுத் தொழிலாளருக்காக அப்படித் தொடர்ந்து வாதாடியது அந்தக் காலத்தில் அபூர்வம். பின்னாளில் அந்த மக்களுக்காகப் பேசிய பலருக்கு அவர் முன்னோடி.

1921இல் துண்டு தடைசெய்யப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் சிறைத்தண்டனை விதிகளும் போயின. 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குடிவரவு நிதியொன்றை ஏற்படுத்தியது: ஆள் திரட்டும் செலவைத் தோட்டங்கள் கூட்டாக ஏற்க வேண்டும், வந்து இறங்குகிறவர் தலையில் அது ஏறக்கூடாது. அதே ஆண்டு இந்திய அரசாங்கத்தின் முகவராக எஸ். ரங்கநாதன் கண்டிக்கு வந்தார். தொழிலாளர் முறைப்பாடு சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். 1929இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது; மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32.

ரயில் பதுளைக்கு வந்த காலமும் இதுதான். கடனில்லாமல் வந்து இறங்கியவர்கள் அந்த ரயிலில்தான் முதன்முதலாகப் பதுளை வரை வந்திருப்பார்கள் என்று நினைக்க மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஆனால் காகிதம் போய்விடவில்லை. துண்டு போன இடத்தில் பற்றுச்சீட்டு நின்றது. லயத்துப் பேச்சில் பத்துச்சீட்டு. வேலையிலிருந்து விலக்கியதைக் காட்டும் சீட்டு அது. அதைக் கேட்டு வாங்க முடியாமல் நின்றவர்களும் உண்டு, கேட்காமலே கையில் திணிக்கப்பட்டவர்களும் உண்டு. அடுத்த தோட்டத்தில் பேர் பதிய அது வேண்டும். சீட்டைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் ஒரு குடும்பத்தை அப்படியே நிறுத்தி வைக்கலாம். கொடுத்துவிட்டால் அதே குடும்பத்தை லயத்துக் காம்பராவை விட்டு வெளியே அனுப்பலாம், ஏனென்றால் கூரை வேலையோடு சேர்ந்தது. "பத்துச்சீட்டுக் குடுத்துருவாக" என்ற ஒரு வாக்கியம் மலையில் எத்தனையோ வாய்களை மூடியிருக்கிறது.

அந்த மூடிய வாயைத் திறக்கத் தஞ்சாவூரிலிருந்து வந்தவர் கோ. நடேசய்யர். தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலத்தில், புடவை வியாபாரியாக வேடம் போட்டு லயங்களுக்குள் போய் வந்தவர். பத்திரிகை நடத்தினார். தொழிலாளருக்குச் சட்டத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லும் சிறு நூல்களை வெளியிட்டார். 1931இல் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மை பாட்டுக் கட்டி மேடையேறிப் பாடினார். தன்னைப் பற்றி எழுதியிருப்பது என்ன என்று தொழிலாளி கேட்கத் தொடங்கியதற்கு இவர்கள் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு.

ஊவாவில் அந்தக் கேள்வி உச்சத்துக்குப் போனது 1940இல். பதுளைக்கருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். லங்கா சமசமாஜக் கட்சி அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மலைநாடெங்கும் தொழிலாளரைத் திரட்டி வந்தது. வேவெஸ்ஸவில் தொழிலாளர் தங்களுக்குள் வாக்கெடுத்து ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தார்கள்; தோட்டத்துரை அந்தக் குழுவைக் கலந்தே நடக்கச் சம்மதிக்க வேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கங்காணி வழியாக மட்டுமே பேசப்பட்டவர்கள் தாங்களே பேசினார்கள். பொலிஸ் இறங்கியது. ஊவாவைச் சூழ்ந்த வெள்ளமும் ஒரு வாரத்துக்கு மேல் மாகாணத்தை வெளியுலகிலிருந்து வெட்டிவிட்டது. வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. அந்த ஆண்டே துரைமாரும் சங்கங்களும் செய்த ஏழு அம்ச ஒப்பந்தம் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சங்கத்தில் முன்நின்றவர் என்ற பெயர் ஒருவருக்கு முன்னால் ஓடி அடுத்த தோட்டத்தின் ஆபீசைச் சேரும். இதற்குத் துண்டுகூட வேண்டியதில்லை. துரைமாரின் கிளப்பில் ஒரு பேச்சுப் போதும்.

சுதந்திரம் வந்தபோது காகிதத்தின் வேலை தலைகீழானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவுச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததைக் காட்டினால் பிரஜையாகலாம் என்றது. எப்படிக் காட்டுவது? அதுவரை அவர்களைக் கட்டிப்போட்ட செக்ரோலும் சீட்டும்தான் அவர்களிடம் இருந்த வரலாறு. பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தவர்கள் அதைத் தேடி எடுத்தார்கள். இந்தியாவில் தாயின் சாவுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. எஞ்சியவர்களின் தலைவிதியை 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எண்களாகப் பிரித்துக்கொண்டார்கள். நாடற்ற நிலைமை சட்டத்தில் முற்றாகத் தீர்வதற்கு 2003 வரை ஆயிற்று.

நாடில்லாதவருக்கு அடையாள அட்டையில்லை. அடையாள அட்டை இல்லாதவருக்குக் கொழும்பில் வேலை கேட்க வாயில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் கடை வேலைக்குப் போன பொடியன்களிடம் சோதனைச் சாவடிகளில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி ஐடென்டி எங்கே என்பது. தமிழ் பேசுவதும் அட்டை இல்லாததும் சேர்ந்தால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணமாக இருந்தது. குற்றம் செய்யாமலே ஒருவருக்குக் குற்றப் பின்னணி கிடைக்கும் வழி இது. 1865இன் சட்டத்தில் நடந்ததும் இதுவே.

இன்று இலங்கையில் கடன் வரலாற்றைத் தொகுப்பது 1990ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் கடன் தகவல் பணியகம். பேச்சில் கிரிப். அதன் அறிக்கையைச் சம்பந்தப்பட்டவர் தானே கேட்டு வாங்கிப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். அமெரிக்காவில் 1970இல் வந்த கடன் அறிக்கைச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, வேலை கொடுப்பவர் விண்ணப்பித்தவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அறிக்கை எடுக்கக்கூடாது, அதைக் காரணமாக்கி மறுப்பதற்கு முன் ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்றாக்கியது. 2007இல் வாஷிங்டன் மாநிலமும் பிறகு ஹவாய், இலினோய், கலிபோர்னியா ஆகியவையும் பெரும்பாலான வேலைகளுக்குக் கடன் அறிக்கை கேட்பதையே கட்டுப்படுத்தின. கேட்டுப் பார்க்க உரிமை, பிழை திருத்த உரிமை, அந்த வேலைக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்காதிருக்கச் சொல்லும் உரிமை: இந்த மூன்றில் ஒன்றுகூடப் பசறைத் தோட்டத்துத் தொழிலாளிக்கு 1920இல் இருந்ததில்லை. அவற்றில் முதலாவது மட்டும் இருந்திருந்தாலும் கங்காணியின் புத்தகம் அவ்வளவு தடித்திருக்காது.

தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது ஆடைத் தொழிற்சாலைக்கும் பாதுகாப்புச் சேவைக்கும் ஹோட்டலுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். பாதுகாப்பு வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பொலிஸ் சான்றிதழ் கேட்பது வழக்கம். அந்த விண்ணப்பத்தில் இதுவரை குடியிருந்த முகவரிகளை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுத வேண்டும். ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பரா. வீட்டு இலக்கம் பெரும்பாலும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் நாள் கடந்து கைக்குக் கிடைத்த கதை இல்லாத தோட்டம் ஊவாவில் குறைவு. தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபை செலவு செய்வதற்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவே 2018இல்தான் திருத்தப்பட்டது.

பொலிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்புகிற பசறைப் பிள்ளை முகவரிக் கட்டத்துக்கு வரும்போது தோட்டத்தின் பெயரை எழுதுகிறது. அதற்குக் கீழே டிவிசன். அதற்குக் கீழே, மேல் லயமா கீழ் லயமா என்று அம்மாவிடம் கேட்டு, அதையும் எழுதுகிறது.